பதினோராவது நாற்காலி

மூன்றாவது நாற்காலியை மட்டும் நீதிமன்ற டவாலி இரண்டு முறை கழுவினார்.

மற்ற ஒன்பதையும் வழக்கம்போல ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தவர், அதை மட்டும் நடைக்குத் தூக்கிக்கொண்டு போய், பினாயிலை நேராக ஊற்றித் தேய்த்து, குனிந்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து, மறுபடியும் தேய்த்தார். கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த அவள் எட்டிப் பார்த்தாள்.

"யாராவது வாந்தி எடுத்துட்டாங்களா?"

"வாந்தியா இருந்தாத் தேவலையேம்மா" என்றார் டவாலி, நிமிராமல்.

அந்த நீதிமன்றத்தில் அவள் இரண்டாம் தட்டச்சர். முதல் தட்டச்சரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். பத்தொன்பது வருடமாகப் பக்கத்து மேசை. அவள் டப்பாவில் என்ன இருந்தாலும் பாதியை எடுத்துத் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்பார்.

பாலம் விழுந்த மறுநாள்தான் எல்லாம் ஆரம்பித்தது. நாற்பத்தொரு பேர் ஆற்றோடு போனார்கள். தலைவர் வானொலியில் அழுதார். மூக்கை உறிஞ்சிய சத்தம்கூட வீட்டுக்குள் கேட்டது. காலை ஏழு மணிக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நாற்பது பக்கம். ஓர் எழுத்துப்பிழை இல்லை. நாற்பது பக்கம் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும், பிழை பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பாலம் விழுந்து பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு மேல் யோசிக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச நாளுக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்றார்கள். யாரையும் பிடித்து வைக்கலாம், ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீதிபதி முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், புகார் உண்டா என்று அவர் கேட்க வேண்டும். பிறகு திருத்தங்கள் வந்தன. கைதிகளின் பாதுகாப்புக்காக அவர்கள் முகத்தை மூட வேண்டும். களைத்திருப்பார்கள் என்பதால் நாற்காலியில் உட்காரவைத்து வார் கட்டலாம். பேச விரும்பாதவர்களை வற்புறுத்தக் கூடாது. பதில் வராவிட்டால் புகார் இல்லை என்று பொருள். ஒவ்வொன்றையும் சபையில் ஒரே மதியத்தில் கைதூக்கி நிறைவேற்றினார்கள். "நான் ஒரு சட்டத்தையும் மீறினதில்லை" என்று தலைவர் சொல்லும்போதெல்லாம் அவர் குரலில் பாகு ஒட்டுவதுபோல ஒரு பிசுபிசுப்பு இருந்தது.

பழைய ஆவண அறையில்தான் விசாரணை. சன்னல்களை ஆணியடித்துக் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். நாற்காலி கழுவிய அன்று மதியம் இரண்டு மணிக்குப் பத்துப் பேரும் வார் கட்டி உட்கார்ந்திருந்தார்கள், தலையில் சாம்பல் நிற உறைகளோடு. பினாயில் வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது. பூட்டிய வீட்டில் மறந்துபோன இறைச்சியைப்போல இனிப்பும் புளிப்புமாக, மூச்சை அடக்கினாலும் நாக்கில் வந்து உட்காரும் ஒன்று. மூன்றாவது ஆளின் உறைமேல் ஈக்கள் நடந்தன. அவர் அவற்றை விரட்டவில்லை.

நீதிபதி நல்ல மனிதர். யாரையும் அதட்டிப் பேசியதில்லை. புதினா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுவந்தார். "மூணு. புகார் ஏதும் உண்டா?" கொஞ்சம் காத்திருந்தார். "எழுதுங்க, புகார் இல்லை."

அண்ணனின் விசைகள் நின்றன. அவர் எழுந்தார்.

"ஐயா, மூணாம் நம்பர் செத்துப்போயிருக்காரு."

மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போன சத்தம் கேட்டது. நீதிபதி சட்டப் புத்தகத்தைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பொறுமையாகப் படித்தார். "'ஆஜர்படுத்த வேண்டும்'னு இருக்கு. ஆஜர்படுத்தியிருக்காங்க. உயிரோடன்னு எங்கே இருக்கு, காட்டுங்க பார்ப்போம்."

"ஐயா, நாத்தம் அடிக்குது."

"அது சுகாதாரத் துறை விஷயம். நம்ம வேலை இல்லை."

காவலர் இருவர் வந்து அண்ணனை முழங்கையைப் பிடித்து மரியாதையாக அழைத்துப் போனார்கள். போகும்போது அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

அடுத்த விசாரணையன்று பதினொரு நாற்காலிகள் இருந்தன. அண்ணனின் மேசையில் அவள் இருந்தாள்.

விசைகளைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தாள். உத்தரவில் கைதிகளின் கைரேகையை டவாலிதான் வாங்கினார். அவர் நாற்காலி நாற்காலியாக நகரும் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டாள். பதினொரு முறை 'புகார் இல்லை' அடித்தாள். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாள். கணவன் முகர்ந்து பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான்.

"உன் முடியில என்ன நாத்தம்?"

"பினாயில்."

"வேற எங்கேயாவது மாத்தல் கேளேன்."

"கேட்டா எங்கே மாத்துவாங்கன்னு தெரியுமா?"

அவன் உள்ளறைப் பக்கம் பார்த்தான். இரண்டு பிள்ளைகளும் உள்ளே படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் மனைவி வந்தாள். துவைத்து மடித்த சட்டையொன்றை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

"நீதான் தினம் அங்கே போறியே. அவரைப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

"எப்படி இருக்காரு?"

"நிமிர்ந்து உக்காந்திருந்தாரு."

அண்ணியின் முகம் மலர்ந்தது. அவள் ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்தக் கொஞ்ச நாள் என்பது முடியவே இல்லை. பாலம் இன்னும் கட்டப்படவில்லை, அதனால் ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்றார்கள். கடைசியில் ஒரு வாக்கெடுப்பு அறிவித்தார்கள். தலைவர் காலவரம்பின்றிப் பதவியில் தொடரலாமா என்று மக்களே சொல்ல வேண்டுமாம். சீட்டில் 'ஆம்' என்று ஒரே ஒரு கட்டம். அதன்மேல் ரேகை வைக்க வேண்டும்.

வாக்கெடுப்பு நாளும் விசாரணை நாளும் ஒன்றாக வந்தன. நீதிபதி பதினொரு சீட்டுகளை அவளிடம் நீட்டினார்.

"இவங்க யாரும் தண்டனை வாங்கினவங்க இல்லைம்மா. ஓட்டுரிமை இருக்கு. அதைப் பறிக்க நமக்கு அதிகாரம் கிடையாது."

"டவாலி..."

"டவாலி சீட்டைத் தொடக் கூடாது. தட்டச்சர் பதவிக்குக் குறையாத அலுவலர்னு விதி இருக்கு. போங்க, ரொம்ப நேரம் ஆகாது."

மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முதல் நாற்காலி. மடியில் கிடந்த கையைத் தூக்கினாள். கதவில் தொங்கும் ஈரத்துணியைப்போலக் குளிர்ந்து கனத்தது. விரலை மையில் அழுத்தினாள், சீட்டில் அழுத்தினாள். ஆம். இரண்டாவது நாற்காலியில் கை மடங்க மறுத்தது. சீட்டைத்தான் கையிடம் கொண்டுபோனாள். ஆம்.

மூன்றாவது. கட்டைவிரலை அழுத்திவிட்டு எடுத்தாள். தோல் தாளோடு வந்துவிட்டது. உறைபோலக் கழன்று, ரேகைகள் அத்தனையும் தெரிய, கட்டத்தின் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் விரல்நுனியில் வழவழப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

நீதிபதி எட்டிப் பார்த்தார். "ரேகை நல்லாத் தெளிவா விழுந்திருக்கு" என்றார்.

நான்கு. ஐந்து. ஈக்கள் இப்போது அவள் மணிக்கட்டிலும் உட்கார்ந்தன. ஆறு. ஆம். ஏழு. எட்டு. கைகளைப் பார்க்காமல் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒன்பது. பத்து. எல்லாம் குளிர்ச்சி.

பதினொன்று.

கை சுட்டது.

காய்ச்சல் சூடு. அவள் தூக்குவதற்குள் அது திரும்பி அவளுடைய இரண்டு விரல்களைப் பற்றியது. பலமில்லாத பிடி. ஆனால் விடவில்லை. உறைக்குள்ளிருந்து மூச்சு கீச்சிட்டது.

"தண்ணி."

பத்தொன்பது வருடம் பக்கத்து மேசையில் கேட்ட குரல்.

அறையில் எல்லோருக்கும் கேட்டது. டவாலி சுவரைப் பார்த்தார். காவலர் கூரையைப் பார்த்தார். நீதிபதியின் மேசையில் தண்ணீர்க் குவளை இருந்தது, நிறைய, மேலே ஒரு தட்டு மூடி. நாலடி தூரம்.

நீதிபதி வெகுநேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தண்ணி கேக்கிறது கோரிக்கை" என்றார். "கோரிக்கை புகார் ஆகாது. இல்லையாம்மா?"

அவள் குவளையைப் பார்த்தாள். பன்னிரண்டாவது நாற்காலி போட அறையில் இடம் இருப்பதைப் பார்த்தாள்.

தன் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள். அந்தக் கட்டைவிரலைப் பிடித்தாள். மை. தாள். ஆம். மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். 'புகார் இல்லை' என்று அடித்தாள். ஒரு பிழையும் விழவில்லை.

கைதிகளைத் திருப்பி ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கப் பதிவேட்டோடு பின்முற்றத்துக்குப் போனாள். வெயில் சுளீரென்று அடித்தது. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. காவலர்கள் மூட்டை அடுக்குவதுபோல அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குறுக்கே ஐந்து, நெடுக்கே ஐந்து. பதினோராவதைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே, மல்லாக்கப் போட்டார்கள்.

"பதினொண்ணு. சரியா இருக்கு" என்று காவலர் கையெழுத்துப் போட்டார்.

குவியலின் மேல், ஈ மொய்த்த சாம்பல் துணி வாய் இருக்கும் இடத்தில் குழிந்தது. உப்பியது. மறுபடியும் குழிந்தது. காவலர் கதவைத் தள்ளினார். இடுக்கு குறுகிக் குறுகி வந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். துணி குழிந்தது, உப்பியது, குழிந்தது.