நூற்றுக்கு மேல் ஒரு படி

காலை ஆறரை மணிக்கு ஆவுடைநாயகம் மகளைப் பார்க்கப் போவார். குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டி, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, கண்ணையும் காதையும் மூடும் கண்கூட்டை மாட்டிக்கொள்வார். பாளையங்கோட்டைத் தெருவும் பால்வண்டியின் மணியும் அணைந்துபோகும். கண் முன்னே நிறைமண்டபம் எழும்பி நிற்கும்.

"உள்ள போனா நீங்க கட்டியிருக்க வேட்டி யாருக்கும் தெரியாதுல்லா?" என்று மனைவி செண்பகம் ஒருமுறை கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

மண்டபத்தில் அறுநூற்றுப் பதினொரு பேர் நின்றார்கள். நூறாம் படியைத் தொட்ட நாள் கணக்கில் வரிசை. வடிவு இருபத்து மூன்றாவது. தென்னாட்டிலிருந்து போனவர்களில் அவள்தான் முதல். இடது காலில் எடையைப் போட்டு, காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு நிற்பாள். அவரைக் கண்டால் "வாங்கப்பா" என்பாள். அவர் தலையசைப்பார். கால்மணி நேரம் எதிரே நிற்பார். பிறகு திரும்பிவிடுவார். ஒன்பது வருடமாக இதில் ஒரு நாளும் தவறியதில்லை.

வடிவு இறந்தும் ஒன்பது வருடம்தான்.

'எண்திணை' தொடக்கத்தில் வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. எட்டு நிலங்கள், அவற்றில் விலங்குகளும் பகைவர்களும் புதிர்களும், வென்றால் ஏறும் படிகள். ஒருவனுடைய பொறுமையும் நிதானமும் அவன் படியில் தெரிகிறது என்று யாரோ கண்டுபிடித்த பிறகு, வேலைக்கு எடுப்பவர்கள் படியைக் கேட்டார்கள். பின்னர் பெண் கொடுப்பவர்கள் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் பட்டம் போட்ட இடத்தில் படியைப் போட்டார்கள். மேல்வரம்பு நூறு. அதற்கு மேல் ஏற இடமில்லை. நூறைத் தொட்டவர் வீட்டு வாசலில் மாநகராட்சியே பித்தளைத் தகடு பதித்தது. தகட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

ஆவுடைநாயகத்துக்கு அந்த விளையாட்டு அடியோடு பிடிக்காது. பொட்டப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காற்றில் வாள் சுற்றுவதாவது என்று இரண்டு முறை வயரை அறுத்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "இன்னும் ஒரே ஒரு படிம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இருபத்தாறு வயதில் நூறைத் தொட்டாள். நாற்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. பதினொரு நாள் கிடந்தாள். அவ்வளவுதான்.

எடுத்துப்போன அன்று தெரு கொள்ளாத கூட்டம். கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் வந்து, "நூறைப் பெத்தவர்" என்று அவரைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அவர் அழவில்லை. வாசலில் நிமிர்ந்து நின்று எல்லோருக்கும் பதில் வணக்கம் வைத்தார். அன்று நிமிர்ந்த முதுகு அதன் பிறகு வளையவே இல்லை. உள்ளே என்ன இருந்தது என்று அவரும் பார்க்கப் போகவில்லை.

கண்கூடு ஒருவருடைய ஆட்டத்தை எல்லாம் பதிந்து வைத்திருக்கும். எப்படி அடி எடுத்துவைப்பார், எந்த இடத்தில் தயங்குவார், எதற்கு என்ன பதில் சொல்வார், எல்லாம். ஆள் போனபின் அந்தப் பதிவே அவருடைய உருவத்தை நடத்தும். அதற்கு நடைநிழல் என்று பெயர். வடிவுக்குப் பதினொரு வருடப் பதிவு இருந்தது. ஆனால் நூறில் நின்றவளுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஆகவே நின்றாள்.

பத்தாம் வருடம் பிறக்கும்போது அறிவிப்பு வந்தது. எண்திணைக்கு விரிவாக்கம், ஒன்பதாம் திணை திறக்கப்போகிறது. மேல்வரம்பை நூற்றிருபதாக உயர்த்தலாமா, கூடாதா? நூறைத் தொட்டவர்கள் வாக்களித்து முடிவு செய்யட்டும்.

நூற்றிருபது என்று ஒன்று வந்துவிட்டால் நூறு என்னவாகும்? இரண்டாம் தரம். மண்டபம் கலையும். இருபத்து மூன்றாவது இடம் என்று ஓர் இடமே இருக்காது. நேற்று முளைத்தவன் எல்லாம் அவளைத் தாண்டிப் போவான். ஆவுடைநாயகம் நூற்றுப்படியார் குடும்பச் சபையின் தலைவர். கூட்டத்தைக் கூட்டினார்.

கல்யாண மண்டபம் ஒன்றில் பகல் பதினொரு மணிக்குக் கூடினார்கள். உயிரோடு நூறைத் தொட்டவர்களும், தொட்டுவிட்டு மறைந்தவர்களின் வீட்டாரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள்.

"மலைன்னா அதுக்கு உச்சி ஒண்ணு உண்டு" என்று தொடங்கினார். "உச்சிக்கு மேல மண்ணைக் கொட்டுனா அதுக்குப் பேரு மலை இல்ல, குப்பைமேடு. உழைச்சு ஏறினவங்களைப் பாதி வழியில நிக்கவங்களா ஆக்குறது அவமரியாதை."

உயர்த்த வேண்டும் என்ற கட்சிக்குத் தளவாய் எழுந்தான். முப்பத்தைந்து வயது; போன வருடம்தான் நூறைத் தொட்டவன். "அண்ணாச்சி, நீங்க கீழயிருந்து உச்சியைப் பாக்கீங்க. அங்க நிக்கவன்ட்ட ஒரு வார்த்த கேளுங்க. நூறு வந்த அன்னைக்கு ராசா மாதிரி இருந்துச்சு. மறுநா காலையில கண்கூட்டை மாட்டுனேன். என்ன செய்யன்னு தெரியல. ஒருத்தன் எத்தனை நாள்தான் நின்னு வணக்கம் வாங்க?"

"அப்ப கீழ எறங்கி மாடு மேய்க்க வேண்டியதுதானே" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

"மாடாச்சும் நகருமே வே!" என்றான் தளவாய்.

கூட்டம் பெரும்பாலும் ஆவுடைநாயகத்தின் பக்கம்தான் இருந்தது. உயிரோடு இருக்கும் நூற்றுப்படியார்களில் பலருக்கு வயதாகிவிட்டது. மறுபடி ஏற அவர்களுக்குத் தெம்பில்லை. கலையும் நேரத்தில் மேலப்பாளையம் ஹனீபா அவரை ஓரமாக அழைத்தார். ஹனீபாவின் தம்பியும் மண்டபத்தில் நிற்பவன்தான்.

"அண்ணாச்சி, உசிரோட இருக்கவங்க இருநூத்தி மூணு பேரு. நிழலுங்க நானூத்தி எட்டு. அதுங்களுக்கும் ஓட்டு இருக்கு. அதுங்க என்ன போடும்னு யாருக்குத் தெரியும்? இந்த ஒரு வாட்டி வீட்டுக்காரங்களே போடலாம்னு விதியை மாத்திருவோம். நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சுபோச்சு."

அந்த விதி அவரே எழுதியது. ஏழு வருடத்துக்கு முன் வேறொரு வாக்கெடுப்பில் ஒரு வீட்டார் இறந்துபோன அண்ணனின் வாக்கைத் தங்கள் விருப்பத்துக்குப் போட வந்தபோது, மேசையில் அடித்து நிறுத்தியவர் அவர்தான். நூறைத் தொட்டவருக்கே வாக்கு, வீட்டாருக்கு இல்லை, பெற்றவருக்கும் இல்லை.

"செத்தவ வாயில நான் பேசுறதா?" என்றார். "என் மக வாங்குன இடம். ஓட்டும் அவளுக்குத்தான்."

"அவ மாத்திப் போட்டா?"

"என் சொல்லை அவ தட்டுனதே கிடையாது."

ஹனீபா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு மண்டபத்தில் முதல் முறையாக அவர் பேச்சுக் கொடுத்தார்.

"வடிவு, ஓட்டு வருது. வேண்டாம்னு போடணும். நம்ம குடும்ப மரியாதை."

அவள் காதோரத்து முடியை ஒதுக்கினாள். "சரிப்பா" என்றாள்.

வெளியே வந்து இட்லித் தட்டின் முன் உட்கார்ந்தபோது செண்பகத்திடம் சொன்னார். "சொல்லிட்டேன். சரின்னுட்டா."

செண்பகம் சட்னியை ஊற்றினாள். "நீங்க வயரை அறுத்தப்பவும் 'சரிப்பா'ன்னுதான் சொன்னா" என்றாள். "மாடி ஏறி அடுத்த வீட்டுத் தொடர்பை வாங்கி ஆடினா. ரெண்டாவது தடவை அறுத்தீங்க. அப்பவும் 'சரிப்பா'தான். மறுநாளே அவ சிநேகிதி வீட்டுல போயி ஆடினா."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

அவர் இட்லியைத் தின்று முடித்தார். கையெழுத்துப் போட இன்னும் மூன்று நாள் இருந்தது. ஹனீபாவைக் கூப்பிட ஒருதரம் கைப்பேசியைக் கையில் எடுத்தார். தானே எழுதிய விதியைத் தானே அழிக்கும் மனுஷன் என்ன மனுஷன் என்று கீழே வைத்தார்.

வாக்கு முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. உயிரோடு இருந்தவர்களில் நூற்றெழுபது பேர் வேண்டாம் என்றார்கள். முப்பத்து மூன்று பேர் வேண்டும் என்றார்கள். நிழல்கள் நானூற்று எட்டும் வேண்டும் என்றன. ஒன்றுகூட மாறவில்லை.

ஆவுடைநாயகம் அந்த எண்ணை இரண்டு முறை படித்தார். நியாயம்தானே என்று தோன்றியது. வாழ்நாளெல்லாம் ஏறுவதைத் தவிர வேறெதையும் பழகாத நடையைப் பதிந்து வைத்தால், அது வேறென்ன கேட்கும்? கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

ஒன்பதாம் திணை திறந்த காலையில் மண்டபத்துக்குப் போனார். கோடியில், இதுவரை சுவராக இருந்த இடத்தில், ஒரு வாசல். நிழல்கள் முதலாமவரிலிருந்து வரிசை பிசகாமல் புறப்பட்டன. இருபத்து மூன்றாம் இடத்திலிருந்து வடிவு. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக இடது காலிலிருந்து எடையை எடுத்தாள். கொண்டையை இறுக்கி முடிந்தாள். ஆட்டத்தில் அவள் நடப்பதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர் அறிந்ததெல்லாம் சாத்திய கதவும் உள்ளிருந்து வரும் குரலும்தான். வேகமான நடை, கொஞ்சம் துள்ளல்.

"வடிவு" என்றார்.

"வாறேம்பா."

அவரைக் கடந்து போனாள். வாசலில் ஒரு பலகை இருந்தது. நுழையத் தகுதி: நூறாம் படி. அவர் பார்வையாளர். அவருடைய படி ஒன்று.

ஒன்பதே நாளில் வடிவு நூற்றிருபதைத் தொட்டாள், உலகத்திலேயே முதலாவதாக. மாநகராட்சியார் மேளத்தோடு வந்து பழைய தகட்டைப் பெயர்த்துவிட்டுப் புதியதைப் பதித்தார்கள். தெரு முழுக்க வண்டி. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்கள் பேச அழைத்தன. அவர் கட்டிக்காக்க நினைத்த மரியாதை அவர் கை படாமலே நாலு மடங்காகி வாசலில் வந்து நின்றது. மாலைக்குக் கழுத்தைக் கொடுத்துவிட்டு நேராக நின்றார்.

மாலை போட வந்தவர்களில் தளவாயும் ஒருவன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நீ எந்தப் படி இப்ப?"

"நூத்தியொண்ணு. விட்டுட்டேன் அண்ணாச்சி. அதுங்களுக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். நான் முகம் கழுவிட்டு வாறதுக்குள்ள நாலு பேரு தாண்டிப் போயிருதாங்க." குனிந்து செருப்பை மாட்டினான். "அடுத்த விரிவாக்கத்துக்கு ஓட்டு வருதாம். நூத்தி நாப்பது. யாரு செயிப்பாங்கன்னு கேக்கவே வேண்டாம்."

அவன் சொன்னபடியே ஆனது. அதற்கு அடுத்ததும் அப்படித்தான்.

நிறைமண்டபம் காலியாகிவிட்டது. உயிரோடு இருந்த நூற்றுப்படியார்கள் வெறும் தூண்களுக்கு நடுவே நிற்கக் கூச்சப்பட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆவுடைநாயகம் மட்டும் வழக்கம்போல ஆறரைக்குப் போனார். இருபத்து மூன்றாவது இடத்தின் எதிரே கால்மணி நேரம் நின்றார். இப்படி நாற்பது நாள் ஆயிற்று.

நாற்பத்தொன்றாம் நாள் காலை மண்டபத்தின் முன்வாசல் வழியாக வெளியே இறங்கினார். அங்கே முதல் படிக்காரர்களுக்கான நெய்தல் நிலம் இருந்தது. வெயில், மணல், நண்டுகள். தலைக்கு மேலே 'வடிவின் தந்தை' என்ற பட்டம் எழுத்தாக மிதந்தது. ஒன்பது வருடமாக அதை ஏந்தியிருந்தார். கடற்கரையில் நின்ற நாலைந்து பேர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து கைகூப்பினார்கள். அவர் பட்டத்தைக் கழற்றும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கழற்றினார். இனி அடிபட்டால் அந்தப் பேருக்கு இழுக்கில்லை. அவர்கள் மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

கையில் ஒரு தடி கொடுக்கப்பட்டிருந்தது. முதல் நண்டு அவரைக் கீழே தள்ளியது. எழுந்தார். மறுபடி தள்ளியது.

"ஐயா, மூஞ்சிக்கு நேரா போயி நிக்கீங்களே, அது கடிக்காம கொஞ்சுமா?" என்று ஒரு பெண் போகிறபோக்கில் சிரித்தாள். "பின்னாலயிருந்து போடுங்க!"

பின்னாலிருந்து அடிப்பது அவருக்கு வழக்கமில்லை. மூன்றாவது முறையும் முகத்துக்கு நேரே போய் விழுந்தார். நான்காவது முறை சுற்றிக்கொண்டு பின்னால் போனார். நண்டு செத்தது. அடுத்த படிக்கு இன்னும் முப்பத்தொன்பது நண்டுகள் என்று எழுத்து வந்தது. அதற்குக் கீழேயே அன்றைய அறிவிப்பும் இருந்தது. மேல்வரம்பு நூற்றெண்பதாக உயர்ந்திருக்கிறது.

எங்கோ தூரத்தில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க, இட்லி ஆறுது. வாங்க."

அவர் தடியை மாற்றிப் பிடித்தார்.

"இன்னும் ஒரே ஒரு நண்டு" என்றார்.

வெளியே தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடும் சத்தம் மட்டும் வந்தது.