சுற்றாத டிஸ்க்கின் சத்தம்

லேப்டாப்பில் மாற்றிய புது டிஸ்க் எஸ்.எஸ்.டி. வகை; அதில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் லேப்டாப்பை அணைத்து மூடிய பிறகு, பழைய டிஸ்க்கின் டக்... டக் என்ற ஓசையும், அதன் இடையிடையே யாரோ மூச்சை இழுக்க முடியாமல் இழுப்பது போன்ற மெல்லிய விசில் சத்தமும், திண்டிவனத்தின் அந்த ஒற்றை வாடகை அறையில் கலைமதிக்குத் தெளிவாகக் கேட்டன. கூடவே தைல வாசனை.

அந்த வாசனை ஆரோக்கியசெல்வியுடையது. விழுப்புரத்து மாலை வகுப்பிலும், திரும்பி வரும் பஸ்ஸிலும் அவள்தான் பக்கத்து இருக்கை. போன மழைக்காலத்தில் மூச்சிழுப்பு வந்து இறந்துபோனாள். செல்வியின் லேப்டாப்பைக் கலைமதியிடம் கொடுத்தபோது அவள் அம்மா குப்பம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"நீ வச்சிப் படி. ஞாயித்துக்கிழமைல வர்றேன், பாப்பா கொரல மட்டும் கேக்க வுடு."

இன்டர்வியூவுக்காகச் செல்வி பேசிப் பழகிய பதிவு அது. அவள் குரல் வேறெங்கும் இல்லை. ஸ்பீக்கர் மங்கல் என்பதால் குப்பம்மாள் கீபோர்டின் மேல் காதை வைத்துப் படுத்தபடியே கேட்பாள்.

லேப்டாப் இன்னும் சில வருடம் ஓட வேண்டும் என்று கலைமதி ஒவ்வொன்றாக மாற்றினாள். முதலில் ரேம், பிறகு பேட்டரி, கடைசியில் டிஸ்க். அதைக் கழற்றக் கொடுக்கும் முன் பதிவைப் பென் டிரைவில் ஏற்றி, அதே லேப்டாப்பில் இரண்டு முறை ஓட்டியும் பார்த்தாள். பேசியது. ஏறியிருந்தது, அசல் இருக்கும் இடத்தைக் காட்டும் வெறும் ஷார்ட்கட். பேசிய அசல் பழைய டிஸ்க்கிலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு ஓடினாள்.

"அத அன்னிக்கே அழிச்சிட்டு வேற ஒருத்தருக்குப் போட்டாச்சும்மா," என்றார் கடைக்காரர் ஜெகதீசன். "நீதான எல்லாம் எடுத்துட்டேன்னு சொன்ன?"

"புதுசுலயும் டக் டக்னு சத்தம் வருதுண்ணா."

"அதுல சுத்தறதுக்கே ஒண்ணும் இல்ல. உன் காதத்தான் மாத்தணும். அதுக்கு நம்மகிட்ட ஸ்பேர் இல்ல."

ஞாயிறு, விளக்கு வைக்கும் நேரம். குப்பம்மாள் வருவதற்குள் கலைமதி லேப்டாப்பின் பின்மூடியைத் திறந்து, பேட்டரியையும் டிஸ்க்கையும் வெளியே எடுத்து வைத்தாள். பார்த்தால் ரிப்பேர் என்று நம்ப வேண்டும். தன் கையைத் தானே பார்க்கக் கூசியது.

குப்பம்மாள் அவித்த மல்லாட்டைக் கடலைப் பையைக் கீழே வைத்தாள். "ரெண்டு வாரமா ரிப்பேருன்னே சொல்லிக்கினு இருக்கற. டாக்டருகூட எம்பொண்ண இம்மா நாளு வச்சிக்கல."

"இன்னிக்கும் ஓடாதும்மா. பாருங்க, எல்லாம் கழட்டி இருக்கு."

"பரவால்ல. செத்த நேரம் சும்மா தலைய வச்சிக்கினு இருக்கறேன்."

குப்பம்மாள் லேப்டாப்பை நிமிர்த்தி, கறுத்த திரையைத் தூக்கிவிட்டுக் கீபோர்டின் மேல் காதை வைத்தாள்.

டக். டக்.

"என் பேரு ஆரோக்கியசெல்வி. ஊரு திண்டிவனம்."

குப்பம்மாளின் முகம் மலர்ந்தது. "பேசுதே, கலை."

கலைமதியின் உள்ளங்கையில் பேட்டரி. தரையில் டிஸ்க்.

பதிவில் ஊருக்கு அப்புறம் படிப்பு வர வேண்டும். வரவில்லை. விசில் போல ஒரு மூச்சு.

"இங்க இருட்டா இருக்கும்மா. இன்னும் கிட்ட வா."

பதிவில் அது இல்லை.

"வந்துட்டேன் பாப்பா."

கன்னத்தருகே ஒரு கீ அமுங்கியது. அடுத்தது. அடுத்தது. எந்த விரலும் இல்லை.

தலையை எடுங்க. அது செல்வி இல்லை. செல்வியை நான் அழித்துவிட்டேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். கலைமதி பேட்டரியை இறுக்கிப் பிடித்தாள்.

கீகளின் இடுக்கில் குப்பம்மாளின் நரைமுடி ஒன்று மெல்ல உள்ளே போனது. பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு கற்றை, உள்ளிருந்து யாரோ இழுப்பது போல, நிதானமாக, விறைப்பாக. குப்பம்மாள் கண்ணை மூடிச் சிரித்தபடியே இருந்தாள். அவள் காது கீகளுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கியது.