பாலைவனத்துக் கல்

எங்கள் களமருதூர் தெருவுக்கு யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால், பெட்டியைத் தனியாகத் திறக்க முடியாது. தெருவே வந்து சுற்றி உட்கார்ந்துவிடும். சோப்பு, சென்ட், கோடாலித் தைலம் என்று வீட்டுக்கு ஒன்றாவது போக வேண்டும். இல்லையென்றால் தொலைந்தோம்!

நான் ஐந்தாவது படித்த வருஷம் அப்பா வந்தார். இப்போது கல்லூரிக்குப் போகிறேன். ஆனாலும் அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு குளிர்ந்துவிடுகிறது.

அப்பா ஊரில் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். பாலைவனத்தில் தங்கம் தேடும் ஒரு கம்பெனிக்குத் துளை போடப் போயிருந்தார். என் தம்பி ஜீவா சும்மா இருப்பானா? "எங்கப்பா தங்கக் கட்டி எடுத்துக்கினு வருவாரு!" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தான்.

பெட்டியில் சோப்பும் தைலமும் தீர்ந்தன. அடியில், லுங்கியில் சுற்றிய சில வெள்ளைக் கற்கள் மட்டும் இருந்தன.

"இன்னா பச்சமுத்து, கல்லையா பிளேன்ல ஏத்துன? கல்வராயன் மலையில இல்லாத கல்லா?" என்றார் அடுத்த வீட்டுக் கலையரசன் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார். ஆனால் முகம் வாடிவிட்டது. "இன்னொரு தபா போய் வரேன். அப்ப நல்லதா எதனா வாங்கியாரேன்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. மூன்று வருஷம் போனில் மட்டும் பார்த்த அப்பா, மறுபடியும் போவதா? வந்த கோபத்தில், மாமாவிடம் கொடுத்த சோப்பைப் பிடுங்கிவிடலாம் போல இருந்தது.

"அப்பா, இது இன்னா கல்லுப்பா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

அப்பா ஒரு கல்லைத் திருப்பிக் காட்டினார். "இந்த வெள்ளைக் கல்லு பேரு குவார்ட்ஸ். பாறைக்கு நடுவுல நரம்பு மாதிரி ஓடும். செவப்பா இருக்கறது இரும்புத் துரு. இந்த மாதிரி கல்லுலதான் தங்கம் இருக்கும்."

"எங்க? காணோமே!" என்றான் ஜீவா.

"கண்ணுக்குத் தெரியாதுடா, அவ்ளோ பொடி. நொறுக்கி டெஸ்ட் பண்ண ஆபீசுக்கு அனுப்புவாங்க. வேணாம்னு போட்ட துண்டுங்கள கேட்டு வாங்கியாந்தேன்."

"தங்கம் கல்ல வுட கனமாப்பா?"

"ரொம்ப ஜாஸ்திம்மா."

அம்மா தினமும் அரிசி அரிப்பதைப் பார்த்திருக்கிறேன். பாத்திரத்தை ஆட்டி ஆட்டி ஊற்றினால் அரிசி தண்ணீரோடு போகும், கனமான கல் அடியில் தங்கும். இங்கே கல்தான் அரிசி, தங்கம்தான் கல்!

"ஒரு கல்ல இடிச்சுக் குடுப்பா. நான் அரிச்சுப் பாக்கறேன்."

"ஐயோ, என் உரலு!" என்று அம்மா கத்தினாள். அதற்குள் அப்பா கல்லை மாவாக இடித்துவிட்டார்.

வாசலில் உட்கார்ந்து, தட்டில் மாவைக் கொட்டி, தண்ணீர் விட்டு மெதுவாக ஆட்டினேன். வெள்ளைச் சேறு வழிந்து வழிந்து போனது. கடைசியில் கொஞ்சம் கறுப்பு மணல். அதன் ஓரத்தில், ரவையைவிடச் சின்னதாக, மஞ்சளாக ஒரு புள்ளி.

"தங்கம்!" என்றார் கலையரசன் மாமாவே.

அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியது. "இத்தினி வருசம் துளை போட்டேன். இன்னிக்குத்தாம்மா தங்கத்தக் கண்ணால பாக்கறேன்."

"நான்தான் சொன்னேனே!" என்று ஜீவா ஒரே குதி குதித்தான். தட்டு கவிழ்ந்தது.

தெருவே மண்டிபோட்டுத் தேடியது. மாமா செல்போன் லைட்டை அடித்தார். ம்ஹூம், கிடைக்கவில்லை. ஜீவாவின் உதடு துடித்தது.

"அழுவாதடா" என்றேன். "அது எங்கியும் போவல. நம்ம வூட்டு வாசல்லதான் கெடக்குது. அப்பா, இனிமே நீ இங்கியே தேடுப்பா. அங்க போவாத."

அவர்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போதே அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா என்னையும் தம்பியையும் இழுத்து அணைத்துக்கொண்டார். "சரிம்மா, போவல" என்றார்.

மறுநாள் எங்கள் இரண்டு பேரையும் அப்பாதான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.