நஞ்சிணை பொருத்தியவர்கள்

அலுவலகம் திறந்த கையோடு காற்றுப் பராமரிப்புத் துறையில் பாதிப் பேர் செத்துக் கிடந்தார்கள். அது வழக்கம்தான். சுவர்ப் பிரிவின் பொறியாளர் நிறைமொழி கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, வழியில் நீட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய காலைத் தாண்டிப் போய்த் தேநீர் பிடித்துக்கொண்டாள்.

முழுச் சாவு இல்லை. இதயம் எப்போதாவது ஒரு தடவை துடிக்கும், மூச்சு அதைவிடச் சிக்கனம். செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் என்றாவது காற்று குறைந்தால் மக்கள் பிழைத்திருக்க வேண்டுமே என்று பாக்டீரியாவிடமிருந்து திருடிய உத்தி அது. பாக்டீரியா தன்னையே கொல்லக்கூடிய நஞ்சு ஒன்றையும், அந்த நஞ்சைக் கட்டிப்போடும் முறிவு ஒன்றையும் சேர்த்தே தயாரிக்கிறது. நஞ்சு நெடுநேரம் நிற்கும். முறிவு சீக்கிரம் சிதைந்துவிடும். புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். கஷ்டகாலம் வந்தால் முறிவு குறையும், நஞ்சு அவிழ்ந்துகொள்ளும், வளர்ச்சி நின்றுபோகும். அளவு மிஞ்சினால் சாவு, மிஞ்சாவிட்டால் தூக்கம். தூங்குகிற பாக்டீரியாவை மருந்துகூட ஒன்றும் செய்வதில்லை, ஏனென்றால் பல மருந்துகள் வேலை செய்துகொண்டிருப்பதைத்தான் அடிக்கும். ஆபத்து போனதும் அது பாட்டுக்கு எழுந்துகொள்ளும்.

இந்த ஜோடியை நெல்மணி அளவு கருவியில் அடைத்து எல்லோருடைய பிடரியிலும் பொருத்தினார்கள். பெயர் நஞ்சிணை. செய்த மேதாவிகள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. காற்று குறைந்தாலும் உடம்பு பதறும், மேலதிகாரி ஒரு வேலையை நீட்டினாலும் உடம்பு பதறும். இரண்டுக்கும் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஊழியர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் பிடித்தது. அந்த அலுவலகத்தில் அவர்கள் கண்டுபிடித்த ஒரே விஷயமும் அதுதான்.

நிறைமொழி தன்னுடையதை அறுத்தெடுக்கச் சொல்லி எறிந்துவிட்டவள். இந்தக் கும்பலோடு ஒரே வியாதியைப் பங்கு போட்டுக்கொள்வதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று வடக்குச் சுவர் விசிலடித்தது. குடியிருப்பின் மூச்சு ஒரு விரிசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பிசின் தடவித் தகட்டை அழுத்தினால் தீர்ந்தது. ஆனால் ஒருவர் பிடிக்க, ஒருவர் ஒட்ட வேண்டும். அவள் இயக்குநர் அகத்தீஸ்வரனின் அறைக்குப் போனாள்.

“சார், வடக்குச் சுவர்ல விரிசல். தகடு பிடிக்க ஒரு ஆள் வேணும், இப்பவே.”

“ஒரு குழு போட்டுடலாம்மா.” அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.

“குழு தகடு பிடிக்காது சார். பாக்டீரியாவுல ஆயிரக்கணக்குல ஒண்ணு ரெண்டுதான் தூங்கும், மத்ததெல்லாம் உழைக்கும். நம்ம ஆபீஸ்ல எல்லாம் தலைகீழ்.”

“இந்த டென்ஷன் உடம்புக்கு ஆகாதும்மா. நீங்களும் ஒண்ணு பொருத்திக்குங்க.”

“ஆள் இல்லன்னா நீங்களே வாங்க சார்.”

பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. இயக்குநர் நாற்காலியில் சரிந்தார்.

விழித்திருந்தவர்களில் தகடு ஒட்டத் தெரிந்தவன் லூர்து ஒருவன்தான்.

“லூர்து, நீயாவது வா.”

“வராம எங்க போவேன் மேடம். உங்களைத் தனியா விட்ருவேனா.” தம்ளரைச் சிந்தாமல் மேசையில் வைத்தான், நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அவன் தலை தொங்கியது.

“தூ,” என்றாள் நிறைமொழி.

முகமூடியின் சிலிண்டரில் பாதிதான் காற்று இருந்தது. நிரப்ப வேண்டியவர் காலையிலிருந்தே தூக்கத்தில் இருந்தார். அவள் சுவருக்குப் போய்ச் சேர்வதற்குள் குடியிருப்பு முழுக்கக் காற்று மெலிந்து, வீடுகளில் இருந்தவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நிஜமாகவே தூங்கிப்போனார்கள். அந்தத் தூக்கம் பொழுது சாயும்வரைதான் தாங்கும். அதன்பின் முறிவு சுத்தமாகத் தீர்ந்து, நஞ்சு சொன்னதைச் செய்துவிடும்.

பிசினைத் தடவினாள். தகட்டைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றாள். பிசின் இறுக நேரமாகும், சிலிண்டர் அதற்கு முன்பே தீர்ந்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்தது. விட்டுவிட்டு ஓடினால், தனிக் காற்று இருக்கும் அவசர அறையை எட்டிவிடலாம். இந்தப் பிணங்களுக்காகவா என்று நினைத்தபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது, பாசம் வரவில்லை. லூர்து தம்ளரைப் பத்திரமாக வைத்தது கண்ணிலேயே நின்றது. ஆனாலும் பாதியில் விட்ட ஒட்டு என்றால் அவளுக்கு ஆகாது. தோளை எடுக்கவில்லை.

விசில் நின்றது. காற்று இயந்திரங்கள் மெல்ல மெல்ல இழப்பை ஈடுகட்டின. சாயங்காலம் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து, மத்தியானச் சாப்பாடு மிச்சமிருக்கிறதா என்று விசாரித்தார்கள். தகட்டின் கீழே கிடந்தவளை அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள்.

இரங்கல் கூட்டத்துக்கு ஒருவர்கூட விடுப்பு எடுக்கவில்லை. போண்டா கொடுத்தார்கள். லூர்து தேம்பித் தேம்பி அழுதான். அகத்தீஸ்வரன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, நிறைமொழி நமக்கெல்லாம் ஒரு முன்னுதாரணம் என்று உருகினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த உருக்கத்திலேயே அவர் வாய் தவறிவிட்டது.

“அவங்க விட்டுட்டுப் போன பொறுப்பை யார் எடுத்துக்கிறீங்க?”

முன்வரிசையில் ஒரு தலை தொங்கியது. பிறகு வரிசை வரிசையாகச் சரிந்தார்கள். லூர்து போண்டாவை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டுச் சாய்ந்தான். மேடையில் தனியாக நின்ற இயக்குநர், அப்படியானால் பொறுப்பு தன் தலையில்தான் விடியும் என்பது உறைத்ததும், ஒலிவாங்கியைக் கட்டிக்கொண்டே கீழே உட்கார்ந்தார்.

தெற்குச் சுவரில் மெல்லிசாக ஒரு விசில் கிளம்பியது. அரங்கத்தில் அதைக் கேட்க ஆளில்லை. அந்த நேரத்தில் குடியிருப்பு முழுவதிலும் விழித்திருந்து வேலை பார்த்தவை, கழிவுநீர்த் தொட்டியில் இருந்த பாக்டீரியாக்கள் மட்டும்தான்.