பதில் சொல்லாத மருமகள்

"சிசுரு! இன்னுமா கணப்பு மூட்டல? மாமா காலு பனிக்கட்டியா கெடக்கு!"

சமையலறையிலிருந்து மாமியார் ஃபுமியேயின் குரல். பதில் இல்லை.

ஜப்பானின் வடக்கே, நீகாதாவின் பனி சன்னலைப் பாதி மூடியிருந்தது. கணவன் கோசாகு விடியுமுன்பே மீன் சந்தைக்குப் போய்விட்டிருந்தான். சிசுரு விரிப்பில் அசையாமல் கிடந்தாள். நாக்குக்கு அடியில் வெப்பமானி.

முந்தின நாள் டாக்டரம்மா அவள் தினமும் காலையில் உடம்புச் சூட்டைக் குறித்துவந்த வரைபடத்தைப் பார்த்து, "இது உடம்புச் சூடா, மலைத்தொடரா?" என்று கேட்டிருந்தார். எழுந்து, கணப்பு மூட்டி, மிசோ சூப்புக்கு நீர் வைத்துவிட்டு, திரும்ப வந்து படுத்துச் சூடு பார்த்தால் வேறெப்படி இருக்கும்?

"கண்ணு முழிச்சதும் படுத்தபடியே பாக்கணும். அசையக் கூடாது, பேசக் கூடாது. கருமுட்டை வெளிய வந்துட்டா சூடு லேசா ஏறி, கொஞ்ச நாள் அப்படியே நிக்கும். அது நிக்குதான்னு பாப்போம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டரம்மா.

நிற்காவிட்டால்? அதை நினைக்கவே சிசுருவுக்குப் பயமாக இருந்தது.

கதவு சர்ரென்று நகர்ந்தது. மாமனார் கென்சோ. குடியிருப்போர் சங்கத் தலைவர்; எந்தக் கிழமை எந்தக் குப்பையை வெளியே வைக்க வேண்டும் என்பதைப் பற்றி மூச்சு விடாமல் பேசக்கூடியவர்.

"இந்த வீட்டுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு! ஒழுங்குதான் தெருவுக்கு அடிப்படை, தெருதான் நாட்டுக்கு..." நாடு வரைக்கும் போனவர் சட்டென்று நின்றார். "என்னது இது? வாயில குச்சி மிட்டாய் மாதிரி! காய்ச்சல்னா அக்குள்ல வைக்க வேண்டியதுதானே? ஊரே அங்கதானே வைக்குது!"

பின்னாலேயே ஃபுமியே வந்தாள். "கூப்பிட்டா வாயத் திறக்குறாளா பாருங்க! திமிரு! பிள்ளை பெத்துக்க மனசில்லாதவ... இவளுக்கு எங்க பிள்ளை பொறக்கப்போகுது!"

சிசுருவின் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை. அசைந்தால் சூடு மாறும். வெப்பமானி பீப் என்றது. அதன் பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளை வேணும்னுதான் அத்தை இதை வச்சிருக்கேன்! பேசினா சூடு மாறிடும்... அதனாலதான் நீங்க என்ன சொன்னாலும்..."

ஃபுமியேயின் முகம் வெளுத்தது. "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சூடு ஏறலேன்னா... உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஃபுமியே கணவர் பக்கம் திரும்பினாள்.

"நாளையிலேர்ந்து கணப்ப நீங்கதான் மூட்டணும்."

"நானா? சங்கத் தலைவர்..."

"தலைவருக்குத் தீக்குச்சி கிழிக்கத் தெரியாதோ?"

தெரியாது என்பது மறுநாள் வீடு முழுக்கப் புகை சூழ்ந்தபோது விளங்கியது. தலைவர் இருமினார். மருமகள் அசையவில்லை.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், சிசுரு வரைபடத்தை மாமியாரின் முன் விரித்தாள். தாழ்வாகவே ஓடிய புள்ளிகள் ஓரிடத்தில் மேலேறி, பல நாளாக இறங்காமல் நின்றன.

"இது என்னடி, காய்ச்சலா?"

"இல்ல அத்தை! கருமுட்டை வந்திருக்கு... எல்லாம் சரியா நடக்குதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. இனிமே குழந்தை உண்டாகணும். அதுக்கு இன்னும் நாளாகலாம்..."

"ஆகட்டுமே!" ஃபுமியே அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஏங்கி ஏங்கி அழுதார்கள். "என் மருமகளுக்குப் பிள்ளை பொறக்காதுன்னு எவ சொன்னா? வரச் சொல்லு அவள!"

எவள் என்று சிசுருவுக்கு நன்றாகவே தெரியும். இந்த முறையும் அவள் பதில் சொல்லவில்லை.