இரண்டாவது திமில்!

தாமரைச்செல்வியின் செல்போன் அலறியது.

காரைக்கால் வரிச்சிக்குடி சேமியா கம்பெனியின் பயிற்சி ஹாலில் அத்தனை தலைகளும் திரும்பின. தரக் கட்டுப்பாட்டு வகுப்பில் போன் கூடாது என்று பயிற்சியாளர் எழில்மதி காலையிலேயே சொல்லியிருந்தாள்.

முறைத்தாள். அடுத்த விநாடி முறைப்பை வாபஸ் வாங்கினாள்.

தாமரையின் முகம் ஊறவைத்த சேமியா மாதிரி வெளுத்திருந்தது.

"அவரைப் புடிச்சிட்டாங்க மேடம்..."

'அவர்' என்றால் மாறன். கம்பெனியின் லாரி டிரைவர். தாமரையின் கணவன். நாகப்பட்டினத்துக்கு லோடு ஏற்றிப் போனவனை நாகூர் ரோட்டுச் செக்போஸ்டில் மடக்கியிருந்தார்கள். சேமியாப் பெட்டியைப் பிரித்தால்... உள்ளே குவார்ட்டர் பாட்டில்கள்!

காரைக்காலில் மது விலை குறைச்சல். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் கொள்ளை லாபம். வைத்தவன் யார் என்று தெரியாவிட்டால் சாயங்காலம் மாறனுக்கு ரிமாண்ட்.

எனக்குப் பாடம் நடத்தத்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்த எழில்மதியின் கண், தற்செயலாகப் போர்டில் விழுந்தது.

ஹிஸ்டோகிராம் பயிற்சி. குடோனில் அடுத்த லோடுக்குக் காத்திருந்த பெட்டிகளை எல்லோருமாக எடை போட்டு, ஒரு பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு என்று எடைவாரியாக ஒட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே சரக்கு என்றால் பொட்டுகள் நடுவில் குவிந்து ஒரே மேடாக நிற்க வேண்டும்.

இரண்டு மேடுகள் நின்றன.

ஒட்டகம் மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி.

"எந்த ஊரு ஒட்டகம்?" சஃபியுல்லா எழுந்தான். துபாயில் இருந்துவிட்டு வந்து இங்கே லோடு ஏற்றுபவன். "நான் பாத்ததுக்கெல்லாம் ஒரே திமிலுதான். ரெண்டாவது திமிலு வெளியேர்ந்து வந்தது மேடம்."

எழில்மதிக்குப் பொறி தட்டியது.

"கனமான பெட்டிய மட்டும் தூக்கிட்டு வாங்க."

வந்தன. பிரித்தார்கள்.

கிணிங்... கிணிங்...

ஒவ்வொரு பெட்டியிலும் கட்டியவரின் எண்ணும் தேதியும் முத்திரையாகக் குத்தியிருக்கும். யார் எண் என்று பார்த்தார்கள்.

ஏழு. எல்லாமே ஏழு.

தாமரைச்செல்வியின் எண்!

பெண்டாட்டி கட்டுகிறாள்... புருஷன் கடத்துகிறான்... எவ்வளவு கச்சிதம்! அதுவரை அவள் தோளைத் தடவிக்கொடுத்த பக்கத்து நாற்காலிக்காரி, கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

விஷயம் கேள்விப்பட்டு அப்போதுதான் உள்ளே வந்தார் மேனேஜர் பாலகுரு. குரலில் தேன். போலீஸை அவரே சமாளிப்பாராம். வக்கீலும் அவரே வைப்பாராம்.

"அழாத தாமரை. வீட்டுக்குப் போம்மா. லீவு எடுத்துக்க."

கண்ணைத் துடைக்கப் போன தாமரையின் கை பாதியில் நின்றது. குனிந்தாள். பெட்டிகளின் தேதியைப் பார்த்தாள்.

"இதெல்லாம் செவ்வாக்கெழம கட்டுனது. அன்னிக்கு நான் வேலைக்கே வரலியே சார். கேக்காமலே நீங்கதானே லீவு குடுத்தீங்க?"

"கேக்காமலேயா?" சஃபியுல்லாவுக்கு நெஞ்சே அடைத்தது. "என் நிக்காவுக்கே அரை நாள்தான தங்கச்சி குடுத்தாரு..."

எழில்மதி மெல்லக் கேட்டாள்.

"லீவு போட்டா உங்க முத்திரைக் கட்டை யார்கிட்ட இருக்கும்?"

"சார்கிட்ட குடுத்துட்டுத்தான் போகணும்."

பாலகுரு கதவைப் பார்த்தார்.

கதவில் சஃபியுல்லா சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

பொழுது சாய்வதற்குள் பாலகுரு போலீஸ் ஜீப்பில் போனார். மாறன் பஸ்ஸில் வந்தான்.

அடுத்த வாரம் புது மேனேஜர். ஆள் எப்படியோ என்று தொழிற்சாலையே திக்திக்கென்று காத்திருக்க, தாமரை முதல் ஆளாக உள்ளே போனாள். புருஷனோடு திருநள்ளாறு போய்வர ஒரு நாள் லீவு கேட்டாள்.

"முடியாது" என்றார் அவர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

தாமரை முகமெல்லாம் சிரிப்பாக வெளியே ஓடி வந்தாள்.

"பயப்படாதீங்க... இவரு நல்லவருதான்!"