ஜாடி இல்லாத மூடி

"ஜாடி இல்லாத மூடி எதைப்பா மூடும்?" என்று ஒருநாள் பாஞ்சாலை கேட்டாள்.

"உன் வாயைத்தான்!" என்று சிரித்தார் அப்பா குப்புராஜ்.

ஆரணிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் குடியிருப்பில் முன்பு எல்லாரும் ஊறுகாய் ஜாடி செய்தவர்கள். எழுபத்தெட்டில் பீங்கான் கம்பெனி நின்றுபோனது. அப்பா இப்போது ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினார். சூளைக்குப் பின்னால் உடைந்த ஜாடிகளும் துணையில்லாத மூடிகளும் மேடாகக் கிடந்தன. காற்றடித்தால் அந்த மேடு 'ஊம்...' என்று தூக்கத்தில் முனகும்.

ஐப்பசியில் ஒரு மாலை, பள்ளிக்கூடம் விட்டதும் மழை பிடித்துக்கொண்டது. பாஞ்சாலை ஆரணியில் ஒரு நெசவுக்காரர் வீட்டு வாசலில் ஒதுங்கினாள்.

"ஏன் கண்ணு நனைஞ்சுகினு நிக்கிற? உள்ள வா," என்று அழைத்தாள் அந்த வீட்டு மருமகள் அபிதகுசாம்பாள். சூடாகக் கஞ்சி ஊற்றினாள். "பின்கட்டுல ஜாடி இருக்குது. ஊறுகா எடுத்துக்கோ."

பாஞ்சாலை மூடியைத் தூக்கினாள். ஈரக்கையிலிருந்து மூடி வழுக்கியது. டமார்!

"ஐயோ, என் கல்யாண ஜாடி மூடி! யாருடி உடைச்சது?" மாமியார் ராஜம்மாளின் குரல் தறிச் சத்தத்தையும் தாண்டி வந்தது.

பாஞ்சாலை குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள்.

"நான்தாங்க அத்த. கை தவறிடுச்சு," என்றாள் அபிதகுசாம்பாள்.

"கையா அது, அகப்பையா? இனிமே ஊறுகாய எறும்புதான் தின்னும்!"

மழை விடும்வரை திட்டு விடவில்லை. அபிதகுசாம்பாள் குனிந்தபடியே பாஞ்சாலையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

பாஞ்சாலையால் சிரிக்க முடியவில்லை. தரையில் கிடந்த பட்டுநூல் துண்டை எடுத்தாள். ஜாடி வாயைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் மேட்டில் தேடினாள். சூளையில் வெந்தபோது ஒவ்வொரு மூடியும் ஒவ்வோர் அளவாகச் சுருங்கியிருந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "ரேணுகாம்பா தாயே, ஒண்ணே ஒண்ணு காட்டேன்!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோவைக்கொடிக்கு அடியில் பழுப்பாக ஒரு மூடி தெரிந்தது. நூலைச் சுற்றினாள். முனை சரியாக முடிச்சைத் தொட்டது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள். புதிதுபோல மின்னியது.

மறுநாள் நெசவுக்காரர் வீட்டின் பின்பக்கமாகப் பூனைபோல நுழைந்தாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. ஜாடி வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். மூடியை வைத்து மெல்லத் திருகினாள். இடுக்கு விடாமல் உட்கார்ந்துகொண்டது.

பார்த்தது ஒரே ஓர் எறும்புதான். அது மூடியை ஒருமுறை சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது.